கயல்விழியின் கடைசி ஒலிப்பதிவு

நான் செத்துக் கிடப்பதை முதன்முதலாகப் பார்த்தது பெரம்பலூரில், ஒரு மொபைல் கடைக்கு மேலே இருக்கிற மாடி அறையில். கம்ப்யூட்டர் திரையில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பெரிய பள்ளம். அதில் பச்சையாகத் தண்ணீர். கரையில் நீலச் சேலை கட்டிய ஒரு பெண் ஒருக்களித்துக் கிடக்கிறாள். தோளில் ஜோல்னாப் பை. முகம் என்னுடையது. மூக்கின் பக்கத்து மச்சத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. நன்றாக வந்திருக்கிறதா என்று ஷபானா கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. உயிரோடு எடுத்த எந்தப் போட்டோவிலும் நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

ஷபானா லெப்பைக்குடிக்காட்டுப் பெண். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கூடப் படித்த மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு துப்பறியும் கேம் செய்துகொண்டிருந்தாள். அரியலூரில் ஒரு பெண் நிருபர் கொல்லப்படுகிறாள். பேர் கயல்விழி. விளையாடுகிறவர் அவள் வீட்டுக்குள் போய், மேசையைக் குடைந்து, அவள் எழுதிய பழைய செய்திகளைப் படித்து, யார் கொன்றது, எதற்காகக் கொன்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அந்த வேலை பார்த்த பொம்பளை யாராவது உண்டா என்று விசாரித்திருக்கிறார்கள். எல்லோரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். ஓய்வு பெற்று ஏழு வருஷமாகி, வீட்டில் டீவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் நான். கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன். கயல்விழிக்கு என் முகத்தையே வைத்துக்கொண்டார்கள்.

இப்போதைய நிருபர்கள் ரொம்ப நாளாக என்னிடம் கட்டுரை கேட்கிறார்கள். அவர்கள் நின்ற இடத்திலேயே செல்போனில் படம் எடுத்து, நின்ற இடத்திலேயே அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் காலத்தில் எப்படி என்று எழுதுங்கள் அக்கா, ஆண்டு மலரில் போடுகிறோம் என்றார்கள். கண் சரியில்லை, கை சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்து வந்தேன். கண்ணும் கையும் நன்றாகத்தான் இருந்தன. எழுதத் தொடங்கினால் ஒரு இடத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்று தெரியும். அந்த இடம் பயமாக இருந்தது.

என் தாய் தகப்பன் அடுத்தவர் காட்டில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார்கள். டைப்ரைட்டிங் முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது, திருச்சியிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்குப் பெரம்பலூரில் ஆள் வேண்டும் என்றார்கள். ஒரு வாரம் அவர்கள் ஆபீஸில் உட்கார வைத்து எப்படி எழுதுவது என்று காட்டினார்கள். எட்டாம் நாள் பஸ் ஏற்றிவிட்டார்கள். என் பயிற்சி அவ்வளவுதான். அடுத்த முப்பத்திரண்டு வருஷம் இந்த ஜனங்களுக்கு நான் நிருபரக்கா.

செய்தி ஆசிரியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சட்டை, காதில் ஒரு துண்டுப் பென்சில். குரலை உயர்த்தவே மாட்டார். நிருபர்களை ஊர்ப் பேரால்தான் கூப்பிடுவார். போனை எடுத்தால் "என்ன பெரம்பலூரு" என்பார். முசிறிக்கும் துறையூருக்கும் அதே மரியாதைதான். விபத்துச் செய்தி சொன்னால் முதல் கேள்வி, செத்தவர் பேர் என்ன? "லாரி மோதி பெண் பலி"ன்னு ஆரம்பிக்காதே, அந்தப் பெண்ணுக்கு ஒரு பேர் இருக்கும், முதல் வரியில் அது வரணும், வயசு வரணும், ஊர் வரணும் என்பார். பேர் தெரியவில்லை என்றால் போனை வைத்துவிடுவார். நான் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடி, கேட்டு வந்து சொல்வேன். அவர் மேல் எனக்கு பயமும் இருந்தது, பாசமும் இருந்தது. என் அப்பா பாராட்டியதைவிட அவர் "ம்" என்பது எனக்குப் பெரிதாக இருந்தது.

எங்கள் ஊரில் ரயில் கிடையாது. எல்லாமே பஸ்தான், செய்தியும் பஸ்ஸில்தான் போகும். கார்பன் வைத்து எழுதி, ஒரு பிரதியை நான் வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பழுப்புக் கவரில் போட்டு ஒட்டி, கவர் மேலேயும் என் பிரதியிலும் கொடுக்கும் நேரத்தைக் குறித்து, திருச்சி பஸ் கண்டக்டர் கையில் கொடுப்பேன். அவர் அதைத் தலைக்கு மேலே கண்ணாடி இடுக்கில் செருகிக்கொள்வார். திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் ஆள் நின்று வாங்கிப் போவார். எங்கள் மாவட்டப் பக்கத்தை ஆறு மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள். அதனால் நாலரை மணி பஸ்ஸை விட்டால் செய்தி மறுநாள் வராது. போன் எதற்கு என்று கேட்பீர்கள். போன் கொலைக்கும் விபத்துக்கும் தீக்கும் மட்டும் என்று உத்தரவு. அவற்றுக்காக மட்டும்தான் மூடிய பக்கத்தைத் திரும்பத் திறப்பார்கள்.

ஆனால் கூட்டங்கள் எல்லாம் சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் நடக்கும். நாலரை மணிக் கவரில் ஆறு மணிக் கூட்டம் எப்படிப் போகும்? அதற்கு ஒரு வழி இருந்தது. அழைப்பிதழை முன்னால் வைத்துக்கொண்டு எழுதிவிடுவோம். இன்னார் தலைமை வகித்தார், இன்னார் முன்னிலை வகித்தார், இன்னார் சிறப்புரையாற்றினார், முடிவில் இன்னார் நன்றி கூறினார். மைக் செட்டே வந்து இறங்கியிருக்காது, நான் நன்றி கூறி முடித்திருப்பேன். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: திரளானோர் கலந்துகொண்டனர். ஒருமுறை மழை கொட்டிப் பந்தலே சரிந்து ஈ காக்கை இல்லை. பேப்பரில் திரளானோர் கலந்துகொண்டனர். கூட்டம் போட்டவர்கள் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். நான் மட்டும் இல்லை, எல்லா ஊர் நிருபர்களும் அப்படித்தான். அதில் ஒரு தப்பு இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றியதில்லை.

கேம் முடிகிற நிலைக்கு வந்ததும் ஷபானா என்னை விளையாடச் சொன்னாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனால் வெயில் தாழ்கிறவரை அங்கேதான். எனக்கு அந்தப் பட்டன்கள் பிடிபடவில்லை. நடக்கச் சொன்னால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பேன். பையன்கள் சிரிப்பார்கள். பிறகு மெல்ல நடை வந்தது.

அந்த அரியலூரில் எப்போதும் தூறிக்கொண்டே இருக்கும். நிஜ அரியலூர் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்த பூமிதானே, ஓடைகளில் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும். ஷபானா அந்தக் கடலைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். தெருமுனை திரும்பினால் கடல். டீக்கடைக்குப் பின்னால் கடல். அங்கே யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, எப்போதும் இருந்ததுபோல நடந்து போகிறார்கள். பெரம்பலூருக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷனும் கொடுத்திருந்தாள். நான் பிளாட்பாரத்தில் வெகுநேரம் நின்று பார்த்தேன். ரயில் வருமா என்று கேட்டேன். வராதுக்கா, சும்மா படம்தான் என்றாள். வராவிட்டாலும் பரவாயில்லை என்று நின்றேன்.

கயல்விழியின் வீட்டுக்குள் போனால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். கார்பன் தாள், பழுப்புக் கவர், குடித்துவிட்டு வைத்த டம்ளர். எல்லாம் நான் சொல்லி அவர்கள் வரைந்தவை. ஜன்னலுக்கு வெளியே அலைச் சத்தம். நாற்காலியில் உட்காரும் பட்டனை அழுத்திவிட்டுச் சும்மா இருப்பேன். அறைக்குச் சொந்தக்காரி செத்துப் போனவள், நான் உயிரோடு இருப்பவள் என்பது கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் மறந்துவிடும். டீ வந்துவிட்டது என்று யாராவது தோளைத் தொட்டால்தான் திரும்பி வருவேன்.

கொலைக்குக் காரணம் என்ன என்பதில் அவர்கள் முதலில் ரொம்பப் பெரிதாக யோசித்து வைத்திருந்தார்கள். மந்திரி, வெளிநாட்டுக் கம்பெனி, ரகசிய ஃபைல். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களைப் போன்ற நிருபர்கள் கையில் அவ்வளவு பெரிய ரகசியம் எங்கே சிக்கும்? சின்ன விஷயம்தான் சிக்கும் என்றேன். அப்படியென்றால் என்ன மாதிரி என்று ஷபானா கேட்டாள். அப்போதுதான், எனக்குத் தெரிந்த இன்னொரு நிருபருக்கு நடந்தது என்று சொல்லி, அந்தக் கதையைச் சொன்னேன்.

அந்த இன்னொரு நிருபர் நான்தான்.

செட்டிகுளத்தில் சின்ன வெங்காய விவசாயிகள் கூட்டம். அழைப்பிதழில் தலைமை ஒரு மண்டி முதலாளி. பேர் வேண்டாம், அவர் இப்போது இல்லை. வழக்கம்போல மத்தியானமே எழுதி, நாலரை மணி பஸ்ஸில் கவரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன். அன்று ஆறேகால் மணிக்குச் செட்டிகுளம் போகிற சாலையில், களை பறித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அஞ்சலை என்ற பெண் மேல் அந்த முதலாளியின் கார் ஏறிவிட்டது. வயது நாற்பத்தொன்று. அந்த இடத்திலேயே போய்விட்டாள். டிரைவர் ராசேந்திரனைப் போலீஸ் கைது செய்தது. மறுநாள் பேப்பரில் இரண்டு செய்தியும் ஒரே பக்கத்தில் வந்தன. மேலே, மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய கூட்டத்துக்கு முதலாளி தலைமை வகித்தார். கீழே, டிரைவர் கைது. இரண்டும் நான் எழுதியவை. கீழே இருந்ததை மட்டும் போய்ப் பார்த்து எழுதியிருந்தேன்.

ராசேந்திரன் போலீஸிடம் சொன்னது வேறு. புது வண்டி என்பதால் முதலாளியே ஓட்டி வந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஏற்றியதும் அவர் இறங்கிப் பின்னால் வந்த இன்னொரு வண்டியில் கூட்டத்துக்குப் போய்விட்டார் என்றார். கூட்டத்துக்கு வந்தவர்கள், முதலாளி எத்தனை மணிக்கு வந்தார் என்று கவனிக்கவில்லை என்றார்கள். அவருக்கு எதிராகப் பேச யாருக்கும் மனசில்லை. வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது போலீஸ் தரப்பில் பேப்பரைக் காட்டினார்கள். எழுதியவர் வந்து சொல்லட்டும் என்று ராசேந்திரனின் வக்கீல் கேட்க, எனக்குச் சம்மன் வந்தது.

சம்மன் வந்த அன்று செய்தி ஆசிரியரே போன் செய்தார். அதே அமைதியான குரல். "பெரம்பலூரு, அந்தக் கூட்டத்துக்கு நீ போயிருந்தேல்ல?" கவர் மேல் நான் குறித்த நேரம் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஆறு மணிக்குத் தொடங்கிய கூட்டம் நாலரை மணிக் கவரில் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் கேட்டார். போயிருந்தேன் சார் என்றேன். "ம்" என்றார். முன்பெல்லாம் அந்த "ம்" கேட்டால் வயிறு நிறையும். அன்று சோறு இறங்கவில்லை.

கோர்ட்டில் கூண்டு ஏறினேன். ராசேந்திரன் எதிர்ப் பக்கம் நின்றிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். இந்தம்மாவுக்கு யார் மேலும் பகை இல்லை, உள்ளதைச் சொல்லிவிடும் என்று நினைத்திருப்பார். அவருடைய வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். ஆறு மணிக்கு முதலாளி மேடையில் இருந்ததை நேரில் பார்த்தீர்களா? இல்லை என்று சொன்னால் என் வேலை போகும், செய்தி ஆசிரியர் தலை குனிவார், இந்த வட்டாரத்தில் அத்தனை நிருபர்கள் எழுதியதும் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். அதையெல்லாம் யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பார்த்தேன்" என்றேன்.

ராசேந்திரனுக்கு ஒன்றரை வருஷம் ஜெயில். லைசென்ஸ் போயிற்று. அடுத்த வருஷம் என்னை நிரந்தரமாக்கினார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் யாரையும் கேட்கவில்லை. அதன் பிறகு நான் எந்தக் கூட்டத்தையும் போய்ப் பார்க்காமல் எழுதியதில்லை. என் செய்திகள் ஒரு நாள் தாமதமாக வரும். ஆபீஸில் திட்டு வாங்கினேன். அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். யாருக்கு என்ன பிரயோஜனம்?

இதை இன்னொருத்தி கதையாகச் சொன்னபோது, ஷபானா கவர் நேரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அந்தக் கார்பன் காப்பிதான்க்கா க்ளூ. கொடுத்த நேரம் நாலரைன்னு இருக்கு, கூட்டம் ஆறு மணி. விளையாடுறவங்க ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்." கோர்ட்டில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவருக்கும் தோன்றாதது அவளுக்கு ஒரு டீ குடிப்பதற்குள் தோன்றிவிட்டது. பிறகு கேட்டாள், நிஜத்தில் அந்த நிருபர் உண்மையைச் சொன்னாரா என்று. சொன்னார் என்றேன். செய்தி ஆசிரியரிடம் ஒன்று, கோர்ட்டில் ஒன்று, இது நான் சொன்ன மூன்றாவது பொய்.

அதனால் கேமில் கயல்விழி உண்மையைச் சொல்ல முடிவெடுக்கிறாள், சாட்சி சொல்லப் போகும் நாளுக்கு முந்தைய நாள் கொல்லப்படுகிறாள். விளையாடுகிறவர் கார்பன் காப்பியைக் கண்டுபிடித்துவிட்டால் டிரைவர் விடுதலையாகிறார். அவருக்கு அங்கே பேர் மாணிக்கம். ஜெயில் கதவு திறக்கும், தூறல் நிற்கும், கடல் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து நிற்கும், அவர் ஏறிப் போவார். அந்த இடத்தை மட்டும் நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பையன்கள் என்னைக் கேலி செய்தார்கள். கேமை முடித்த பிறகும் திரும்பத் திரும்ப முடித்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள் அக்காதான் என்றார்கள்.

கடைசியாக ஒலிப்பதிவு. சாவதற்கு முன் கயல்விழி தன் டேப் ரெக்கார்டரில் பேசி வைத்த வாக்குமூலம் ஒன்று கேமில் கிடைக்கும். முகம் கொடுத்தவரே குரலும் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். ஜன்னல்களை அடைத்து, சுற்றி ஜமுக்காளம் தொங்கவிட்டு, என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். வசனம் காகிதத்தில் இருந்தது. அன்னைக்கு நான் அந்தக் கூட்டத்துக்குப் போகலை, அவரை நான் பார்க்கலை, மாணிக்கம் சொல்றதுதான் உண்மை. மூன்றே வரி. முதல் தடவை நியூஸ் வாசிப்பதுபோல இருக்கிறது என்றார்கள். இரண்டாம் தடவை, நாளைக்குச் சாகப் போகிறவர் இல்லையா, கொஞ்சம் பயம் வேண்டும் என்றாள் ஷபானா.

மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டேன். ஜமுக்காளத்துக்குள் இருட்டாகவும் கதகதப்பாகவும் இருந்தது. தூரத்தில் அலைச் சத்தம் கேட்டதுபோல இருந்தது. நிஜத்தில் அது கீழே கடையில் ஓடிய ஏர்கூலராக இருக்கலாம். நான் பேசினேன். பேசி முடித்துக் கண்ணைத் திறந்தேன். ஷபானா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"அக்கா," என்றாள், "யாருக்கா ராசேந்திரன்?"

மாணிக்கம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் என் வாய் ராசேந்திரன் என்று சொல்லியிருக்கிறது. அஞ்சலை பேரையும் வயதையும் சொல்லியிருக்கிறது. அவை காகிதத்திலேயே இல்லை. அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். செத்தவர்கள் வீட்டை எல்லாம் விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தவள் நான். அந்த ஒரு விலாசத்தை இருபத்தாறு வருஷமாகத் தேடவே இல்லை. முதலாளி செத்த பிறகுதான் உனக்கு வாய் வந்தது என்று யாராவது சொன்னால் அதுவும் உண்மைதான்.

தேடினால் இரண்டு நாளில் கிடைத்துவிட்டார். ஏலாக்குறிச்சி, அவர் மனைவியின் ஊர். மாதா கோயிலுக்கு வரும் பஸ்கள் நிற்கிற இடத்தில் மெழுகுவர்த்தியும் மாலையும் விற்கிற சின்னக் கடை. கூட வரட்டுமா என்று ஷபானா கேட்டாள். வேண்டாம் என்று தனியாகப் போனேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் பையில் இருந்தது. அடிக்க வந்தால் தடுக்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன்.

மூன்று மணி வெயிலில் பஸ்கள் போன பிறகு அந்த இடம் வெறிச்சென்று இருந்தது. ராசேந்திரனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பார்த்ததும் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க நிருபரக்கா, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே சொன்னேன்.

"அன்னைக்கு நான் செட்டிகுளம் போகவே இல்லைங்க. உங்க முதலாளியை நான் பார்க்கலை. அழைப்பிதழைப் பார்த்து மத்தியானமே எழுதி பஸ்ஸுல குடுத்துட்டேன். கோர்ட்டுல பொய் சொன்னேன்."

அவர் மெழுகுவர்த்திகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. "போகவே இல்லையா?" என்றார். இல்லை என்றேன். கோபம் வரும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கையிலிருந்த மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"நீங்க பார்த்தேன்னு சொன்னீங்கள்ல, அதுக்கப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க. ஒரு பகையும் இல்லாத அம்மா எதுக்குப் பொய் சொல்லப் போவுதுன்னு ஜெயில்ல ரோசனை பண்ணிப் பண்ணி, நான்தான் ஓட்டியிருக்கணும், மறந்துட்டேன்னு ஆயிப்போச்சு. கனவுல நான்தாங்க ஓட்டுறேன். ஸ்டேரிங் என் கையிலதான் இருக்கு. அந்த அஞ்சலை அம்மா திரும்பிப் பார்க்குது. இன்னை வரைக்கும் அப்படித்தான் வருது. ஞானஸ்நானம் வாங்கினப்ப ஃபாதர்கிட்ட நான்தான் ஏத்துனேன்னு சொல்லிப் பாவமன்னிப்புக் கேட்டேன். வருசா வருசம் அந்தம்மா பேருக்குப் பூசை வைக்கிறேன்."

அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இந்த மனுஷனுடைய ஒன்றரை வருஷத்தை மட்டும்தான் பறித்துவிட்டதாக இத்தனை நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காகிதத்தை எடுத்து நீட்டினேன், வக்கீலிடம் கொடுக்கலாம், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன். அவர் அதை வாங்கவில்லை. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"மேரி, இங்க வா. இவங்க சொல்றதைக் கேளு." என்னிடம், "இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க" என்றார்.

ஈரக் கையோடு வந்து நின்ற அந்த அம்மாவிடம் நான் முழுவதும் திரும்பச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை ராசேந்திரன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"நான் ஓட்டலை மேரி."

"நீங்க ஓட்டுனீங்கன்னு நான் என்னைக்குச் சொன்னேன்?" என்றார் அந்த அம்மா.

அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.